தோணியம்மையின் படுக்கைப் பலகை

உப்பங்கழி கடலோடு கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அலையாத்திக் காட்டின் ஓரமாக ஒரு தோணி போய்வந்துகொண்டிருந்தது. அதில் சரக்கு ஏற்றுவதில்லை, வலையும் வீசுவதில்லை. ஓர் அம்மையார் அதில் வாழ்ந்தார். கரைக்குக் கரை தோணி ஒதுங்கும். மனத்தில் ஐயம் உள்ளவர்கள் ஏறி வந்து கேட்பார்கள். விடை கிடைத்தவர்கள் இறங்கிப் போவார்கள். கிடைக்காதவர்கள் அடுத்த முறை ஏறுவார்கள். அவர் தம் பெயரைச் சொன்னதில்லை. ஆகவே ஊரார் தோணியம்மை என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மாணாக்கர் என்று அவரிடம் தங்கியவர் ஒருவர்தான். அவரும் அம்மையைவிட மூத்தவர். பெயர் ஆபத்சகாய ஆசாரி. பத்தாயம் செய்வதில் அவருக்கு நிகர் அந்த வட்டாரத்தில் இல்லை. ஆண்டு முழுவதற்குமான நெல்லைக் கொட்டி வைக்கும் ஆளுயர மரப்பெட்டி அது. அந்துப்பூச்சி நுழையக் கூடாது, ஈரக்காற்று நுழையக் கூடாது. ஆபத்சகாயத்தின் பத்தாயத்துக்குள் எறும்பு போக வேண்டுமானால் அது முதலில் வீட்டுக்காரரிடம் சாவி கேட்க வேண்டும் என்று உழவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த வேடிக்கை ஆசாரியின் காதுக்கு வரும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மகிழ்வார்.

ஒரு வெள்ளம் அவருடைய பட்டறையைக் கொண்டுபோயிற்று. அவருடைய மனைவியையும் கொண்டுபோயிற்று. ஆசாரி கழிக்கரைப் படியில் உட்கார்ந்தார். உணவு கொடுத்தால் கையில் வாங்கி அப்படியே வைத்திருந்தார். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். அப்போதுதான் அந்தத் தோணி அங்கே ஒதுங்கிற்று.

அம்மை ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"நீர் ஆசாரியாரா?"

அவர் தலையசைத்தார்.

"மேல்தளத்தில் ஒரு பலகை ஆடுகிறது. பாரும்."

அவர் ஏறிப் பார்த்தார். பலகை உண்மையிலேயே ஆடிற்று. அதைச் சரிசெய்தபோது அதற்கு அடுத்த பலகையும் ஆடுவது தெரிந்தது. அதையும் சரிசெய்தார். பொழுது சாயும் வேளையில் பசி எடுத்தது. அன்று ஏறியவர் பிறகு இறங்கவில்லை.

போன உயிர் திரும்பி வந்தது எப்படி என்று ஆபத்சகாயத்துக்குத் தெரியும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

"அம்மா, அன்று நீங்கள் மட்டும் வந்திராவிட்டால் நான்..."

"அந்தச் சாளரத்தின் கீல் கிரீச்சிடுகிறது, ஆசாரியாரே."

ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நடக்கும். கீலுக்கு எண்ணெய் விடுவார். நன்றி தொண்டையிலேயே நிற்கும்.

கார்த்திகை முடியும் சமயத்தில் அம்மையின் படுக்கைப் பலகை ஒன்று உளுத்து முறிந்தது. தோணியின் பின்புறத்தில் அம்மை உறங்கும் அறையான மரக்கூண்டில், ஒரு நீண்ட பெட்டியின்மேல் பழைய பலகைகளைப் பரப்பி, அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை போட்டிருந்தது. அம்மை பாயில் படுத்துப் பழகியவர்தாம். ஒருமுறை படித்துறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து முதுகுக்கு மெத்தை வேண்டும் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பலகை முறிந்ததும் ஆசாரி உள்ளுக்குள் பூரித்தார். வாயால் செலுத்த முடியாத நன்றியைக் கையால் செலுத்தலாம் அல்லவா!

வெள்ளத்தில் போகாமல் எஞ்சிய தேக்குப் பலகைகள் சிலவற்றை அவர் உறவினர் வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தார். அவற்றைத் தருவித்தார். உளுத்துப்போன பழைய பலகைகளையெல்லாம் பெயர்த்துக் கரையில் எறிந்தார். புதிய பலகை ஒவ்வொன்றின் ஒரு விளிம்பில் நீட்டிய நாக்கு, மறு விளிம்பில் அது பொருந்தும் பள்ளமான காடி. நாக்கைக் காடிக்குள் தட்டி இறக்கினால் பல பலகைகள் சேர்ந்து ஒரே பலகையாகிவிடும். இழைப்புளி ஓடிய இடத்தில் கையை வைத்தால் பட்டுத்துணி போல் இருந்தது. மேலே மெழுகு தேய்த்தார். முடிந்ததும் ஒரு குடம் நீரை அதன்மேல் கவிழ்த்தார். கீழே ஒரு சொட்டும் விழவில்லை.

சுக்கான் பிடிக்கும் பக்கிரி எட்டிப் பார்த்தான். பிறந்ததிலிருந்து கழியிலேயே கிடப்பவன். வாயை மூடி வைப்பது அவனுக்குக் கைவராத கலை.

"என்னா ஆசாரி, அம்மா படுக்கவா, இல்லே நெல்லு கொட்டவா?"

"ஒனக்கென்னடா தெரியும் மரத்தைப் பத்தி?"

"மரத்தைப் பத்தித் தெரியாது. பழைய பலகையிலே இடுக்குக்கு இடுக்கு வெளிச்சம் தெரியும். இதுலே ஒண்ணுமே தெரியலையேன்னு கேட்டேன்."

"அதுக்குப் பேருதான் வேலை."

அம்மை வந்து கையால் தடவிப் பார்த்தார். "பெரிய கை உமக்கு" என்றார். ஆசாரி அன்று சோறு உண்ணாமலே நிறைந்திருந்தார்.

மார்கழிப் பனி இறங்கிற்று. அம்மைக்கு இருமல் கண்டது.

முதலில் அது சிறு இருமலாகத்தான் இருந்தது. பிறகு ஐயம் கேட்க வந்தவர்களின் கேள்விக்கும் விடைக்கும் நடுவே இருமல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு காலையில் மெத்தையை வெயிலில் போடலாம் என்று ஆசாரி அதைத் தூக்கினார். அடிப்புறம் சொதசொதவென்று நனைந்திருந்தது. துணியெங்கும் கரும்புள்ளிகள், பூசண நாற்றம். அவருடைய தேக்குப் பலகையின்மேல் நீர் முத்து முத்தாக நின்றது.

தோணி ஒழுகுகிறது என்று முடிவு கட்டினார்.

பெட்டியைக் கழற்றி, அடிப்பலகைகளின் இடுக்குகளில் நாரைத் திணித்துக் குங்கிலியம் காய்ச்சிப் பூசினார். மெத்தையைக் காயவைத்துப் போட்டார். மறுபடியும் நனைந்தது. பனி உள்ளே வருகிறது என்று எண்ணிச் சாளரத்தை அடைத்தார்; கூண்டின் கூரையடியில் இருந்த காற்றுத் துளைகளுக்கு மரக்கட்டை செதுக்கி இறுக்கினார். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே மெழுகுசீலையை விரித்தார். இன்னும் அதிகமாக நனைந்தது.

பிறகு பக்கிரியின்மேல் பாய்ந்தார்.

"அடித்தண்ணியெ ஒழுங்கா எறைச்சாத்தானே! தூங்கறதுக்குத்தான் ஒன்னை வெச்சிருக்கா?"

"ஆசாரி, வந்து பாரு. அடியிலே கெண்டைக் குஞ்சு நீந்தக்கூடத் தண்ணி இல்லே."

"பொய் சொல்லாதே. இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

"பழைய பலகையிலே வரலை. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு சுக்கானடிக்குப் போய்விட்டான். அதன்பின் ஆசாரியோடு பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தது தோணிக்கே பொருந்தாமல் இருந்தது.

வைத்தியர் வந்து நாடி பார்த்தார். மெத்தையைப் புரட்டிப் பார்த்தார். அவருக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது.

"இந்த ஈரத்தில் படுத்தால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும். தை பிறப்பதற்குள் இது உலர வேண்டும். உலராவிட்டால் அம்மையைக் கரையில் ஒரு வீட்டில் தங்க வைக்க வேண்டும். பிறகு தோணி கிடையாது."

"கொஞ்ச நாளைக்கா?" என்று ஆசாரி கேட்டார்.

"கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை."

அம்மை மிளகுக் கஷாயத்தை வாங்கிக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தாமே கழுவி வைத்தார்.

அதே வாரத்தில் மேலக்கரையிலிருந்து வரும் காய்கறிப் படகில் ஆசாரிக்குச் சொல் வந்தது. அவருடைய மகள் அபரஞ்சிக்குத் தலைப்பிரசவம். தாய் வீட்டுத் தொட்டில் வர வேண்டும், தாய் இல்லை. 'தை பிறந்ததும் அப்பா வந்து தொட்டில் செய்து தருவாரா?' என்று கேட்டிருந்தாள்.

"அம்மையை இந்த நிலையில் விட்டு நகரமாட்டேன் என்று சொல்" என்றார் ஆசாரி. படகுக்காரன் அம்மையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துடுப்பைப் போட்டான். சொன்னதும் கேட்டதும் அம்மையின் செவியில் விழுந்தன.

அன்றிலிருந்து ஆசாரி கூண்டின் வாயிலிலேயே குந்தியிருந்தார். பார்க்க வந்தவர்களை "அம்மை ஓய்வில் இருக்கிறார்" என்று திருப்பி அனுப்பினார். அம்மை எழுந்தால் தாமும் எழுந்தார்; அமர்ந்தால் தாமும் அமர்ந்தார். அவர் மூச்சுவிடும் ஓசையை எண்ணாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்கழி தேய்ந்துகொண்டே வந்தது. ஒரு காலையில் மெத்தையைப் புரட்டியவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, நான் தோற்றுவிட்டேன். எல்லா இடுக்கையும் அடைத்தாயிற்று. இந்த நீர் எங்கிருந்து வருகிறது?"

அம்மை படுக்கைப் பெட்டியின் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

"விரலில் தொட்டு நாவில் வையும்."

ஆசாரி தயங்கினார். பிறகு பலகையில் நின்ற துளி ஒன்றை எடுத்து நாவில் வைத்தார்.

"கரிக்கிறதா?"

"இல்லை அம்மா."

"கழிநீர்?"

"வாயில் வைக்க முடியாது. உப்பு."

"மழையோ?"

"மழை நின்று எத்தனையோ நாளாயிற்று. அதுவுமின்றி, இந்தக் கூண்டில் நான் ஊசித் துளையும் விட்டு வைக்கவில்லை."

"எனில் வெளியிலிருந்து வரவில்லை."

"உள்ளே தண்ணீர் ஏது, அம்மா? குடிநீர்ப் பானைகூட வெளியில்தான் இருக்கிறது. உள்ளே இருப்பது நீங்கள் மட்டும்..."

சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

பனியில் கிடந்த செம்பு ஒன்று வாயிலருகே இருந்தது. அம்மை அதை எடுத்தார். முந்தானையால் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்தார். உதட்டருகே பிடித்து மெல்ல ஊதினார். செம்பின் பளபளப்பு மங்கிற்று. மறுபடியும் ஊதினார். மங்கிய இடத்தில் பொடிப்பொடியாக நீர் அரும்பிற்று. அரும்புகள் ஒன்றையொன்று தொட்டன. ஒரு துளியாகி வழிந்தன. செம்பை ஆசாரியின் கையில் கொடுத்தார்.

ஆசாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தாயத்தில் நெல் கொட்டுவதற்கு முன் என்ன செய்வார்கள்?"

"காயப்போடுவார்கள், அம்மா. கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். அப்போதுதான் கொட்டலாம்."

"காயாமல் கொட்டினால்?"

"கொட்டவே கூடாது. பச்சை நெல் மூச்சுவிடும். உள்ளே சூடேறும். பலகையின் உட்புறமெல்லாம் வேர்த்து நிற்கும். அடிநெல் புழுங்கிப் பூசணம் பிடித்து..." அவர் குரல் இறங்கிற்று. "வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது என்று நினைப்பார்."

"குற்றம் பெட்டியுடையதா?"

"பெட்டியில் ஒரு குற்றமும் இல்லை, அம்மா. அது காய்ந்த நெல்லுக்குச் செய்த பெட்டி."

அம்மைக்கு இருமல் வந்தது. அது அடங்கும் வரையில் ஆசாரி காத்திருந்தார். அம்மை கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நான் இன்னும் காயவில்லை, ஆசாரியாரே."

ஆசாரி செம்பைக் கீழே வைத்தார். முதல் வேலையாகக் காற்றுத் துளைகளில் தாம் இறுக்கிய கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சாளரத்தைத் திறந்தார். மெழுகுசீலையைச் சுருட்டி வெளியே எறிந்தார். பிறகு தேக்குப் படுக்கையைப் பெயர்த்து மேல்தளத்துக்குக் கொண்டுவந்து, அதன்முன் ரம்பத்தோடு உட்கார்ந்தார்.

வெகுநேரம் உட்கார்ந்தேயிருந்தார்.

பக்கிரி தன் பேசா நோன்பை முறித்துக்கொண்டு வந்தான்.

"என்னா பண்ணப்போறே?"

"அறுக்கப்போறேன்."

"இதையா? கிறுக்கா ஒனக்கு? கரையிலே புன்னைக் கம்பு கெடக்குது, நாலு வெட்டிட்டு வர்றேன். இது கெடக்கட்டும், இன்னொரு வேலைக்கு ஆவும்."

"இல்லே. இதைத்தான் அறுக்கணும்."

பக்கிரி ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தான். பிடித்தவன் இழுக்கவில்லை.

"நான் தண்ணி எறைக்கலேன்னு சொன்னியே."

"சொன்னேன். தப்பு."

"அம்புட்டுத்தானா?"

"கால்லே விழணுமா?"

"விழ வேண்டாம். இன்னொருவாட்டி சொல்லு, காதுக்கு இதமா இருக்கு."

"தப்புடா பக்கிரி. இழு."

ரம்பம் ஏறிற்று. நாக்கும் காடியும் கூடிய மூட்டுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. தாம் ஒரு சொட்டு நீருக்கும் வழி விடாமல் சேர்த்ததை ஆசாரி தம் கையாலேயே பிரித்தார். முதல் அறுப்பில் அவர் கண்கள் கலங்கின. பாதி அறுத்தபின் கை தன் பழைய தாளத்துக்கு வந்துவிட்டது.

அகலப் பலகைகள் குறுகிய பட்டைகளாயின. உடலில் குத்தாதபடி விளிம்புகளை உருட்டி இழைத்தார். பெட்டியின்மேல் குறுக்குச் சட்டங்கள் வைத்து, அவற்றின்மேல் பட்டைகளை வரிசையாகப் பதித்தார். ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவே விரற்கடை இடைவெளி. பெட்டியின் இரு பக்கங்களிலும், காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் போகும்படி துளைகள் இட்டார். பட்டைகளின்மேல் தேங்காய்நாரால் முரட்டுத்தனமாகப் பின்னிய பாய் ஒன்று. மெத்தையின் உறையை மாற்றி, பஞ்சை வெயிலில் உதறிக் காயவைத்து அடைத்து, அந்தப் பாயின்மேல் போட்டார்.

"அம்மா, இனிமேல் நீங்கள் எழுந்ததும் மெத்தையைச் சுவரோரம் சாய்த்து நிறுத்த வேண்டும். அதுவும் எழுந்து நிற்கட்டும்."

"ஆகட்டும்" என்றார் அம்மை.

மறுநாள் காலையில் ஆசாரி கையை மெத்தைக்கு அடியில் விட்டார். விட்ட கையை எடுக்க மனம் வரவில்லை. அவ்வளவு உலர்ந்திருந்தது. அடுத்த நாளும் அப்படியே. பக்கிரியும் கையை விட்டுப் பார்த்தான். "என் வூட்டுக்காரி அடுப்படிகூட இம்புட்டுக் காஞ்சு கெடக்காது" என்று சான்று கொடுத்தான். இருமல் நாளுக்கு நாள் மெலிந்தது. ஒரு பகல் முழுவதும் ஊரார் ஐயம் கேட்டார்கள். அம்மை இடையில் ஒருமுறையும் இருமாமல் விடை சொன்னார். ஆசாரி கூண்டின் வாயிலில் குந்தியபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் போனவர்களில் ஒரு கிழவர், "உம் கைக்குப் பொன்காப்புப் போட வேண்டும், ஐயா" என்று சொல்லிப் போனார். ஆசாரிக்கு இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றவில்லை. கரை தெரியாத ஒரு நன்றி நெஞ்சில் நிறைய, யாரை நோக்கி அதைச் சொல்வது என்றே தெரியாமல், கழியைப் பார்த்துக் கும்பிட்டார்.

தை பிறப்பதற்கு முன்பே வைத்தியர் வந்தார். அம்மையின் நாடியைப் பார்த்தார். பிறகு மெத்தையின் அடியில் கையைச் செருகிக் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கூடுதலான நேரம் பார்த்தார்.

"மெத்தைக்கும் நாடி நன்றாக நடக்கிறது. அம்மை தோணியிலேயே இருக்கலாம்."

பக்கிரி கூவிய கூவலில் அலையாத்திக் காட்டுக் கொக்குகள் எழுந்து பறந்தன.

வைத்தியர் இறங்கிப் போனதும் அம்மை கேட்டார்.

"காய்கறிப் படகு எப்போது வரும்?"

"வரும் நேரந்தான். ஏன் அம்மா, காய் ஏதும் வேண்டுமா?"

"தேக்கு மிச்சம் இருக்கிறதே."

மேல்தளத்தில் எஞ்சிய பட்டைகளை ஆசாரி கயிற்றால் கட்டி வைத்திருந்தார். இடைவெளி விட்டுப் பதித்ததால் பாதி மரம் மிஞ்சியிருந்தது.

ஆசாரி அந்தக் கட்டைப் பார்த்தார். ஒரு தொட்டிலுக்கு வேண்டிய மரம் அதில் இருந்தது. அவர் கண் அதை அப்போதே அளந்துவிட்டது.

"என்னால் முடியாது, அம்மா."

"ஏன்?"

"போன உயிரைத் திருப்பிக் கொடுத்தவர் நீங்கள். உங்கள் பக்கத்தில் நிற்பதைத் தவிர எனக்கு வேறு வழிபாடு தெரியாது. நான் போய்விட்டால் உங்களுக்கு மறுபடியும் ஏதாவது..."

"பக்கிரி இருக்கிறான்."

"நான் இருக்கேன்" என்றான் பக்கிரி. "நீ போயி அந்தப் புள்ளைக்குத் தொட்டிலு செஞ்சு குடு ஆசாரி. பத்தாயமா அடிச்சு வெச்சுடாதே, அம்புட்டுத்தான்."

ஆசாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அம்மையின் முன் உட்கார்ந்தார். பல காலமாகத் தொண்டையில் நின்றது அன்று வெளியே வந்தது. அம்மை கீலைப் பற்றியோ பலகையைப் பற்றியோ பேசி அதைத் தடுக்கவில்லை. அவர் சொல்லி முடிக்கும் வரையில், அந்த வெள்ளத்திலிருந்து அன்றுவரை எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எனக்குக் கிடைத்தது சிறிதன்று, அம்மா. நானும் அதை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டேன்" என்றார் ஆசாரி பிறகு.

தொலைவில், வளைவைத் தாண்டிக் காய்கறிப் படகு தெரிந்தது. துடுப்பின் ஓசை கேட்டது.

ஆசாரி எழவில்லை.

"ஒன்று மட்டும் சொல்லுங்கள், அம்மா. உங்களை விட்டு எவ்வளவு விலகினால் நான் நன்றி மறந்தவன் ஆவேன்? அந்த எல்லையைச் சொல்லுங்கள். அதைத் தாண்டாமல் நின்றுகொள்கிறேன்."

அம்மை தம் படுக்கையின்மேல் கையை வைத்தார். மெத்தை காலையிலிருந்து சுவரோரம் சாய்ந்து நின்றது. நார்ப்பாயை ஒதுக்கினார். பட்டைகளின் நடுவே, கீழே போன காற்று மேலே வந்துகொண்டிருந்தது.

"ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் இவ்வளவு இடம் விட்டிருக்கிறீரே, ஆசாரியாரே. நான் கீழே விழுந்துவிட்டேனா?"